இரண்டு பதிவுகள்

ஜவ்வாது மலையில் பறவைக் குரல்களைப் பதிவு செய்யப் போனபோது, வழிகாட்ட வந்தவர் ஒரு வனக்காவலர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. அடிக்கடி நின்று, வாயைச் சற்றே திறந்தபடி காது கொடுப்பார்.

அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது பாறையோரம் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகப் பதிவு எடுத்தேன். திரும்பி வந்தவருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். முதலில் சாதாரண எம்பி3. அடுத்து, மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய ரெக்கார்டரின் உயர்தரப் பதிவு.

"எதுங்க நல்லா இருக்கு?"

அவர் முகம் வெளிறிப்போனது.

"ரெண்டுலயும் கரடி மூச்சு வுடுதுங்க. எங்க எடுத்தீங்க?"

"இங்கதான். இப்பதான்."

"சத்தம் போடாம எந்திரிங்க. ஓடாதீங்க."

அவர் முதுகையே பார்த்தபடி சாலைவரை இறங்கினேன்.

பிறகு எத்தனையோ முறை இரண்டையும் கேட்டுவிட்டேன். குருவிகள்தான் கேட்கின்றன. அந்த மூச்சு மட்டும் இன்றுவரை எனக்குக் கேட்கவில்லை.