பொங்கல் படத்தில் ஒரு கை

செஞ்சியில் யாருக்கு யாரோடு ஆகவில்லை என்பது ஊருக்குத் தெரியும் முன்பே பாரதிக்குத் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பார்த்திபன் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்தைக் கொண்டுவந்து, ஓரத்தில் நிற்கிறவரை வெட்டிவிடச் சொல்வார்கள். போன வருஷம்வரை பாசமான சித்தப்பாவாக இருந்தவர்தான். நடுவில் ஒரு வரப்புத் தகராறு வந்திருக்கும். காணும் பொங்கலன்று கோட்டையில் கல்யாண மகால் முன்னால் எடுத்த படம் வரும். பின்னால் புளியோதரை தின்றுகொண்டிருக்கிற கூட்டத்தை எல்லாம் அழித்து, கோட்டையையே இந்தக் குடும்பத்துக்கு எழுதிவைத்த மாதிரி செய்து தர வேண்டும். துபாயில் இருக்கிற மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கண் மூடியவருக்குக் கண்ணைத் திறக்க வேண்டும். கறுப்பாக இருக்கிற எல்லோரையும் சிவப்பாக்க வேண்டும். இதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஓட்டலில் இட்லிக்குச் சட்னி வைப்பதுபோலக் கேட்காமலே செய்துவிட வேண்டும்.

இத்தனை பேர் முகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவளின் வீட்டில் அவள் அம்மாவுக்கு ஒரு படம் கிடையாது. விருத்தாம்பாளுக்கு என்று இருந்தது ஆதார் அட்டையில் இருக்கிற முகம் ஒன்றுதான். அதைப் பார்த்தால் ஏதோ கேஸில் பிடித்துவந்து எடுத்ததுபோல இருக்கும். கல்யாணம், காதுகுத்து என்று போனாலும் படம் எடுக்கிற நேரத்தில் அவள் பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருப்பாள். மகள் போனைத் தூக்கினால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறேன் என்பாள். அந்த ஒரு நாள் வராமலே இருந்தது. பாரதியின் நைனா செத்த பிறகு அவள் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் ஆயாம்மா வேலைக்குப் போனாள். வகுப்பு கூட்டுவதும், கக்கூஸ் கழுவுவதும், வாந்தி எடுத்த குழந்தைக்குச் சட்டை மாற்றுவதும் அவள் வேலை. பஸ் ஸ்டாண்டுவரை அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் வருவார்கள்.

அந்தப் பள்ளியின் தாளாளர் இந்தத் தை மாதம் சமத்துவப் பொங்கல் கொண்டாடப் போவதாக அறிவித்தார். டீச்சர்களுக்கு வருஷா வருஷம் ஒரே மாதிரி சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். இந்த முறை ஆயாம்மாக்களுக்கும் அதே சேலைதான் என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. விருத்தாம்பாள் அதைக் கவரோடு கொண்டுவந்து காலனியில் ஒரு வீடு விடாமல் காட்டினாள். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கி உங்க ஓனர்தான போட்டா எடுக்க வராரு? என்னையும் ஒண்ணு எடுக்கச் சொல்றியா?"

பாரதி சொல்லிவைத்தாள். ஆனால் சொல்லாவிட்டாலும் பார்த்திபன் எடுத்துத்தான் இருப்பார். மைதானத்தில் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினார்கள். டீச்சர்கள் மாறி மாறி ஊதிப் பார்த்தார்கள். பனியில் நனைந்த தென்னை மட்டை, புகைந்ததே தவிர எரியவில்லை. கண்ணெல்லாம் எரிகிறது, மை கலைகிறது என்று ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஆயாம்மாவைக் கூப்பிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். விருத்தாம்பாள் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து மட்டையை எடுத்து மாற்றிவைத்தாள், அடுப்பு பிடித்துக்கொண்டது. கரண்டியை வாங்கிக் கிண்டினாள். பால் பொங்கியது. தள்ளி நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். பார்த்திபன் அந்த நொடியைப் பிடித்துவிட்டார்.

அந்தப் பானைப் பொங்கலை ஒருவரும் சாப்பிடவில்லை. விருந்தினர்களுக்கு ஓட்டலிலிருந்து தனியாக வந்திருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று நான் வேறு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விருத்தாம்பாள் அதைத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நன்றாகத்தான் இருந்தது என்று பாரதி சொல்வாள்.

தாளாளரின் மனைவி ஜெயசுதா மேடம்தான் பள்ளிக்கு முதல்வர். அவர் பியூட்டி பார்லரில் தலை அலங்காரம் முடித்து அதே மாம்பழ மஞ்சள் சேலையில் வந்து இறங்கியபோது பால் பொங்கி அடங்கிவிட்டிருந்தது. நோகாமல் நோன்பு கும்பிட வந்தவருக்கு நோன்பே முடிந்துபோயிருந்தது. அவர் கையில் கரண்டியைக் கொடுத்து, அடங்கிப்போன பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சில படங்கள் எடுத்தார்கள்.

மறுநாள் கம்ப்யூட்டரில் பாரதி அந்தப் பொங்கும் படத்தைப் பார்த்தாள். நுரை பானையின் கழுத்தில் வழிகிறது. சுற்றிலும் திறந்த வாய்கள், தூக்கிய கைகள். நடுவில் அம்மா, கையில் கரண்டியோடு, முகத்தை நிமிர்த்திக்கொண்டு சிரிக்கிறாள். அப்படிப் பல் தெரிய அவள் சிரித்து மகளே பார்த்ததில்லை. பாரதி அதைத் திரை முழுக்க விரித்துப் பார்த்தாள். இந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பள்ளி வாசலில் மாட்டப்போகிறார்களாம் என்று அன்று சாயந்திரமே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நடுவில் நீதான் என்றும் சொன்னாள். விருத்தாம்பாள் நம்பாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டு, பிறகு தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் பள்ளியிலிருந்து தாளாளரின் போன் வந்தது. பேசிவிட்டுப் பார்த்திபன் பாரதியின் முகத்தைப் பார்க்காமல் கேமரா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களால் ஆகாத காரியம் உலகத்தில் நிறைய இருக்கிறது.

"அந்தப் படந்தான் வேணுமாம். ஆனா மேடம் நடுவுல இருக்கணுமாம்" என்றார்.

"ஓரமா சேத்துடலாண்ணா."

"நடுவுலன்னு சொல்றாரு. சேலை ஒண்ணுதான, தலைய மட்டும் மாத்திடுங்கன்றாரு."

சமத்துவம் செய்த வேலையைப் பாருங்கள். போன வருஷம்போல ஆயாம்மாக்கள் அவரவர் பழைய சேலையில் வந்திருந்தால் இது முடிந்திருக்காது. அது பாரதியின் அம்மா என்று தெரியாமல்தான் தாளாளர் பேசுகிறார், தான் சொல்லிப் பார்க்கட்டுமா என்று பார்த்திபன் கேட்டார். பாரதி யோசித்தாள். சொன்னால் என்ன ஆகும்? சங்கடப்படுவார்கள். சங்கடப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், சங்கடம் கொடுத்தவளை வேலையை விட்டு நிறுத்துவார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மௌஸைப் பிடித்தாள்.

வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாகவே விட்டுவிட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பழகிய விரல் கேட்கவில்லை. மேடத்தின் நிமிர்ந்த முகமாகத் தேடி எடுத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்து, காதோரம் மயிரிழைகூடப் பிசிறாமல் பொருத்தினாள். அம்மாவின் சிரிப்பு திரையிலிருந்து போன பிறகு படத்தில் மிச்சமிருந்த கையைப் பார்த்தாள். புகையேறிய கருத்த கை. கேட்காமலே அதையும் சிவப்பாக்கி, மணிக்கட்டில் நான்கு தங்க வளையலைப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பாரதி மறைத்துக் காட்டினாள்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றத்துக்கு முன்னால் வாசலில் படத்தைத் திறந்துவைத்தார்கள். அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பாரதி தினமும் நினைத்தாள், தினமும் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அன்று சாயந்திரம் விருத்தாம்பாள் வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

"மூஞ்சி மேடமுது. கை என்னுது" என்றாள். "நீயா பண்ண?"

பாரதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லாத்தான் பண்ணிக்கிற. ஒட்டுனதே தெரில." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "கையாவது இருக்குதே, போ" என்று எழுந்து உலை வைக்கப் போனாள். அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது பாரதிக்கு.

அன்று முதல் விருத்தாம்பாள் காலையில் வாசல் கூட்டும்போது அந்தப் படத்தின் கண்ணாடியையும் துடைப்பாள். யாரும் சொல்லவில்லை, அவளாகச் செய்தாள். துணியைக் கை இருக்கிற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே தேய்ப்பாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். தாளாளரின் அம்மா கமலாம்பாள் ஒரு நாள் பள்ளிக்கு வந்தவர், படத்தின் முன்னால் நின்று மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பொங்கல் பானையில் எந்தக் குடும்பத்துப் பெண்ணாவது இடது கையால் கரண்டி போடுவாளா என்று அத்தனை பெற்றோர் முன்னால் கேட்டுவிட்டார். ஆமாம், விருத்தாம்பாளுக்கு நொட்டாங்கைப் பழக்கம். அறுப்பதும் அரைப்பதும் கிண்டுவதும் எல்லாம் இடது கைதான். பாரதி அந்தக் கையைப் பார்த்தே வளர்ந்தவள். வளையல்வரை பார்த்துப் பார்த்துப் போட்டவளுக்குக் கரண்டி இடது கையில் இருப்பது கண்ணில் படவே இல்லை. அவள் வீட்டில் கரண்டி வேறு எந்தக் கையிலும் இருந்தது கிடையாது.

மறுபடியும் போன் வந்தது. இந்த முறை பார்த்திபன் பள்ளிக்கே போய், மேடம் வலது கையில் கரண்டி பிடித்திருப்பதைத் தனியாக எடுத்துவந்தார். மேடம் அதைப் பேனா பிடிக்கிறதுபோலப் பிடித்திருந்தார். அதையும் பாரதிதான் வெட்டி ஒட்டினாள். அம்மாவின் கையை அழித்து, அந்த இடத்தைப் புகையால் நிரப்பினாள். புதுப் படம் வாசலுக்குப் போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கட்டெறும்பும் இப்போது இல்லை. மறுநாளிலிருந்து விருத்தாம்பாள் வாசலை மட்டும் கூட்டினாள்.

பாரதி பொறுத்தது போதும் என்று நினைத்தாள். அசல் படம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அதைப் பள்ளியில் மாட்டிய அதே அளவுக்குப் பெரிதாக்கி, நிறத்தைக் கொஞ்சமும் தொடாமல், அம்மா எப்படி இருந்தாளோ அப்படியே அச்சடித்துக் கண்ணாடி போட்டாள். அன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாமல், படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். ஆணியடித்து மாட்டியதும் விருத்தாம்பாள் எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை வாய்க்குப் போய்விட்டுக் கீழே இறங்கியது. "இப்பிடியா சிரிச்சேன்?" என்று கேட்டாள். பாரதிக்குப் பல நாளாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்த நெஞ்சு அன்றுதான் கொஞ்சம் ஆறியது.

எதிர் வீட்டு ராஜாம்பாள் பேத்தியை அதே பள்ளியில் கொண்டுபோய் விடுகிறவள். வாசல் படத்தைத் தினமும் பார்க்கிறாள். மறுநாள் உறைமோர் வாங்க வந்தவள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்கிறவள் இல்லை, மெச்சித்தான் சொன்னாள்.

"பரவால்லடி பாரதி, மேடம் ஒடம்புல உங்கம்மா தலைய அப்பிடியே ஒட்டிக்கிற."

இதுதான் நிஜம், பள்ளியில் இருப்பதுதான் ஒட்டியது என்றாள் பாரதி. பார்த்திபன் எடுத்தது, தான் கம்ப்யூட்டரில் பார்த்தது, மட்டை எரியாதது என்று படபடவென்று சொன்னாள். கையைப் பாருங்கள் என்று கையையும் காட்டினாள். ராஜாம்பாள் கிட்டே வந்து பார்த்தாள்.

"ஐய, ஆமா. உங்கம்மாவாட்டமே நொட்டாங்கையா மாத்தி வெச்சிக்கிற. மேடத்துக்குச் சோத்தாங்கைதான இருந்திச்சி. எல்லாம் படிப்பு" என்று சொல்லிவிட்டு மோர்க் கிண்ணத்தோடு போனாள்.

விருத்தாம்பாள் அடுப்படியில்தான் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். கரண்டியைக் கீழே வைத்தாள்.

அதற்கு மறுநாள் பாரதி வேலை முடிந்து வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் பீரோவுக்குப் பின்னால், கண்ணாடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. ஏன் எடுத்தாய் என்று கேட்டாள். விருத்தாம்பாள் மகளுக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"வர்றவங்க எல்லாம் ஒட்டுனதுன்றாங்க. பாக்கப் பாக்க எனக்கே அப்பிடித்தான் இருக்குது."