காலி வீதியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் இடத்தில் ஒரு குழி. வீதிக்குப் புதுத் தார்க் காபட் போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. போட்ட அடுத்த கிழமையே தண்ணீர்க் குழாய் வேலைக்காரர் வந்து அதைக் குறுக்கே வெட்டினார்கள். பிறகு மூடினார்கள் என்று சொல்வது வெறும் மரியாதைக்காக.

எங்கள் மாடிக்குடியிருப்பின் காவலாளி, கால் முறிந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் குழிக்குள் கவிழ்த்து, சிவப்புத் துணியும் கட்டிவிட்டார். பஸ்களும் ஓட்டோக்களும் அதைக் கண்டு விலகிப் போயின. இந்த நாட்டில் பொதுமக்களுக்கு உதவிய கதிரை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் விழித்திரை கழன்றது. அதைத் திரும்ப ஒட்டிய டொக்டர், "ரெண்டு கிழமைக்குக் குலுங்கக் கூடாது. திரும்பக் கழண்டால் பார்வை போயிடும்" என்றார். பத்தாம் நாள் கண்ணைக் காட்ட வேண்டும். குழியைத் தாண்டாமல் ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை.

மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற வீதிப் பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார். எனக்கு அவரைப் பிடிக்காது. லிஃப்டில் வைத்து மடக்கினேன்.

"உங்கட ஆக்கள் போட்ட ரோட்டைப் பாத்தீங்களோ?"

"ரோட்டில பிழையில்லை. பதினைஞ்சு வருசம் நிக்கும். வெட்டினவன் கல்லுப் போட்டு இறுக்கேல்லை. அதுதான் தண்ணி இறங்கித் தார் பெயருது."

"அப்ப வெட்டாத இடத்தில மட்டும் ஓடட்டோ?"

"ஓடலாம்தானே" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அன்றே மனு எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஆட்களின் வியாதி இது. குழாய் அடைத்தாலும் கூரை ஒழுகினாலும் முதலில் மனு எழுதுவோம், மூன்று மொழியிலும். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். பொறியியலாளர் என் ஆங்கிலத்தில் இரண்டு இடம் திருத்திவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

"பேசாம விட்டிருக்கலாம் நீர். கதிரை நிக்குதுதானே. உவங்கள் வந்தால் மேலால பூசிப்போட்டுப் போயிடுவாங்கள்."

பொறாமை என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் லொறி வந்தது. மனுவுக்குப் பலன் கண்ட மனிதன் என்ற செருக்கோடு பல்கனியில் நின்று பார்த்தேன். குழியில் நின்ற தண்ணீரை இறைக்காமலே தார்க்கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் நாலு தட்டுத் தட்டினார்கள். கதிரையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் மழை பிடித்தது.

காலையில் வீதி முழுக்க ஒரே மட்டத்தில் வெள்ளம். வழமையாக வரும் கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரர் எங்கள் இருவரையும் ஏற்றிவந்து ஒழுங்கை முனையில் தயங்கினார்.

"கதிரையைக் காணோமே அண்ணே. குழிய மூடிட்டாங்களா?"

"ஓம், மூடியாச்சு. நான்தான் எழுதிப் போட்டனான்."

சொல்லி வாய் மூடவில்லை, முன்சில்லு குழிக்குள் இறங்கியது. என் தலை மேல்கம்பியில் மோதியது. மனைவி இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி குனிந்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் அசையாமல். "இனி ஒருத்தருக்கும் ஒண்டும் எழுதாதேங்கோ."

ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய எழுத்துக்கூட ஓடவில்லை.

"ஒட்டினது நிக்குது" என்றார் கடைசியில்.

இந்த ஊரில் ஒருவர் ஒட்டியது நின்றதை அன்றுதான் கண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், மனு எழுதிய பல்கனிக் கதிரையையும் ஒரு சிவப்புத் துவாயையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். குழிக்குள் கவிழ்த்து நிமிர்ந்தால், நடைபாதையில் பொறியியலாளர், குடையோடு.

"நாலு காலும் நல்லாக் கிடக்கு. உந்தக் கதிரையை விட்டு வைப்பாங்களோ? வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். நீர் ஒரு காலை முறியும்."

முறித்தேன். இப்போதும் எனக்கு அவரைப் பிடிக்காது.