கிரேன் கேபினில் வந்த நெஞ்சுவலி

துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறேன். உயரத்தில் இருக்கும் கேபினில் உட்கார்ந்து, காலடிக் கண்ணாடி வழியாக நாள் முழுக்கக் குனிந்து கீழேயே பார்க்கும் வேலை. போன மாதம் இடது நெஞ்சில் சுருக்கென்று வலித்தது, கையும் மரத்துப்போனது. வெளியே சொன்னால் இதய நோயாளி என்று கிரேனை விட்டே இறக்கிவிடுவார்கள். அந்தப் பயத்தில், வாயுப்பிடிப்பு என்று சொல்லி இஞ்சி சோடா குடித்தே மூன்று நாள் மறைத்தேன்.

என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "நெஞ்சைப் புடிச்சிக்கினு கீற, இதுல சோடா ஒரு கேடா? கிளம்புய்யா!" என்று விம்கோ நகர் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. டாக்டர் என் தலையைப் பின்னால் சாய்த்து இடப்பக்கம் திருப்பியதும் அதே வலி நெஞ்சில் வந்தது. கழுத்தில் நரம்பு நசுங்குவதை ஸ்கேன் காட்டியது. குனிந்தே பார்த்ததில் வந்த வினை; வலி மட்டும் நெஞ்சில் தெரிந்திருக்கிறது.

பிசியோதெரபி முடிந்து அதே கிரேனுக்குத் திரும்பிவிட்டேன். வலியை இப்போது மறைப்பதில்லை. மணிக்கு ஒருமுறை கிரேனை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழுத்தை நிமிர்த்தி உட்காருகிறேன். நேற்று சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில், "இன்னாபா, கப்பல் காத்துகினு கீது!" என்று கத்தினார்.

"கப்பலு கயித்துல கட்டிதான் கீது, எங்கியும் போவாது சார். என் கழுத்து போச்சுன்னா திரும்பி வராது" என்றேன்.

ஐந்து நிமிடம் முடிந்த பிறகுதான் கீழே பார்த்தேன்.