அண்ணனின் முறைக்கு ஓட்டிப்போன புல்லட்

பங்குனி கடைசி நாள், காலை ஐந்தே முக்கால் மணி. சங்கரன்கோவில் ரத வீதியில் பூக்கடைக்காரர்கள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் புல்லட் நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது. என் புல்லட் என்று எழுதிவிட்டேன். அன்று வரைக்கும்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் சித்திரை ஒன்று. அதிலிருந்து புரட்டாசி முடிய அது அண்ணனின் வண்டி.

கோயில் திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கிற மண்டகப்படியில் எங்கள் குடும்பத்துக்கு முறை உண்டு. ஒரு வருடம் பெரியப்பா வீடு, மறு வருடம் எங்கள் வீடு. அந்தப் புத்தியிலேயே வளர்ந்த அப்பா, சாகப்போகிற சமயத்தில் தன் புல்லட்டுக்கும் முறை வைத்துவிட்டார். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை மூத்தவனுக்கு, ஐப்பசியிலிருந்து பங்குனி வரை இளையவனுக்கு. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்காமல் பத்தொன்பது வருடம் நடத்திவிட்டோம். அண்ணன் உடன்குடியில் பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் இங்கே ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன். முறை முடிந்ததும் ஓட்டிக்கொண்டு போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்புவது வழக்கம்.

போன வருடம் அதை மீறினேன். குற்றாலத்தில் சாரல் விழுவது ஆனியிலும் ஆடியிலும். அது எப்போதும் அண்ணன் முறையில்தான் வரும். எனக்கு வாய்த்ததெல்லாம் ஐப்பசி அடைமழையும் பங்குனி வெயிலும். வயிற்றெரிச்சல் இல்லாமல் இருக்குமா? சித்திரையில் போன் போட்டு, "இந்தத் தடவ சாரல் முடியட்டும்ணே, தாரேன்" என்றேன். சாரல் வந்ததும், எங்கள் ஊர்த் திருவிழாவைச் சாக்கு வைத்து, "ஆடித்தபசு முடியட்டும்" என்றேன். இரண்டு தடவையும் அவன், "சரி, வச்சுக்கோ" என்றுதான் சொன்னான். ஆடி முடிவதற்குள் அவன் இடது பாதத்தில் செருப்பு கடித்துப் புண் வந்தது. சர்க்கரை உடம்பு. ஆவணியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் கடைசியாக ஓட்டியிருக்க வேண்டிய நான்கு மாதமும் வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. "தப்பு பண்ணிட்டேன்" என்று இன்றுவரை அவனிடம் நான் வாய் திறந்து சொன்னதில்லை. இந்தத் தடவை சொல்லியே தீருவது என்றுதான் கிளம்பினேன்.

கால் போனவனுக்கு வண்டி எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நானும் போனில் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். "முறைன்னா முறைதான். கொண்டாந்து நிறுத்து" என்றான். பிறகு, "வரதுக்கு முன்ன ஆரியங்காவு வரைக்கும் ஒரு எட்டு ஏறிட்டு வாலே. மலை எப்பிடி இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லணும்" என்றான். உடன்குடிக்கு நேர் எதிர்த் திசையில், மலை தாண்டிக் கேரளத்துக்குள் இருக்கிறது ஆரியங்காவு. மறுக்க எனக்கு வாய் ஏது?

புளியங்குடி பதினாறு கிலோமீட்டர். எலுமிச்சை மூட்டைகளோடு லோடு ஆட்டோக்கள் எதிரே வந்தன. கடையநல்லூர் தாண்டும்போது வெயில் முதுகில் ஏறிவிட்டது. வலது பக்கம் மலை கூடவே வந்தது. பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. மேல் சரிவில் யாரோ வைத்த தீயோ தானாகப் பிடித்ததோ, பெரிய கருப்புத் திட்டுகளாகக் கிடந்தது. குளங்களில் மாடு படுக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். தென்காசியில் நூறு ரூபாய்க்கு மேல் போய்விட்ட பெட்ரோலை ஐந்து லிட்டர் போட்டுக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புளியரை போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

மலை ஏறுமுன் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ பதினைந்து ரூபாய். கடைக்கார அம்மாள் வண்டியையே பார்த்தாள்.

"பிரேக்கு இடப்பக்கம்லா இருக்கு? எங்க வீட்டுக்காரரும் இதே மாதிரி பழசு வச்சிருந்தாரு. யாரு வண்டி அண்ணாச்சி?"

இன்று வரைக்கும் என் வண்டி என்று சொல்ல வேண்டியதுதானே? "எங்க அண்ணன் வண்டி" என்றேன்.

"அவுக வரலையா?"

"வரல."

அந்தம்மாள் சொன்னது சரிதான். இப்போதைய வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். இந்தப் பழைய மாடலில் நேர் எதிர். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அண்ணனுக்குப் போனது பிரேக் போடுகிற கால்.

கோட்டைவாசல் எஸ் வளைவில் ஏறும்போது இரண்டாவது திருப்பத்தில் ஒரு வைக்கோல் லாரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. இருபுறமும் பிதுங்கிய வைக்கோல் சாலையையே அடைத்திருந்தது. இடது காலை ஊன்றி மிதித்து நிறுத்தினேன். பின்னால் சிமென்ட் லாரிகள் ஒலியெழுப்பின. இருபது நிமிடம் அப்படியே கிடந்தேன். பள்ளத்தாக்கில் மூங்கில் காய்ந்து சாம்பல் நிறத்தில் நின்றது. போன ஆடியில் இதே வளைவில் நனைந்துகொண்டே நின்று, வெள்ளை வெளேரென்று மேகம் இறங்கியதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "சூப்பர்லே" என்று பதில் போட்டான். அப்போது அவன் காலில் கட்டுப் போட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆரியங்காவில் பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கினேன். குற்றாலத்தில் பேரருவி பாறையாக இருந்தது. ஓரமாக ஒரு கோடு தண்ணீர், அதன் கீழே குரங்குகள். சீசனில் ஆயிரத்தைந்நூறு கேட்கிற லாட்ஜில் அறுநூறுக்கு அறை கொடுத்தார்கள். மொத்தக் கட்டிடத்திலும் நான் ஒருவன்தான். சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "விடுலே, அதுக்கு நீ என்ன செய்வ" என்று அவன் சொல்வான். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து வைத்தேன்.

சித்திரை ஒன்று, காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி. அங்கே இரண்டு இட்லியும் ஒரு வடையும் நாற்பத்தெட்டு ரூபாய். ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. திருச்செந்தூரில் வருடப்பிறப்புக் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. அதைப் பிளந்துகொண்டு வெளியே வர முக்கால் மணி நேரம்.

அதன் பிறகு கடற்கரைச் சாலை. ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரப்பட்டினம். அண்ணனுக்குப் பிடித்த பாதை இது. ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் கடல் என்று சொல்லிச் சொல்லி மாய்வான். பாதிப் பனைகள் மட்டை தொங்கி நின்றன. கடலுக்குள் நீளமாகப் பாலம் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். உப்புக் காற்றில் கண் எரிந்தது.

உடன்குடியில் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டதுமே ஊன்றுகோலை ஊன்றி எழுந்துவிட்டான். மெலிந்து போயிருந்தான். செயற்கைக் கால் உள்ளே மூலையில் கிடக்கிறதாம். போட்டால் புண்ணாகிறது என்று அவன் மனைவி, என் மைனி, சொன்னாள். சாவியைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"செயின் சத்தம் போடுது. எண்ணெய் விட்டியா?" இதுதான் முதல் பேச்சு.

சாப்பாடு முடிந்ததும், "மணப்பாடு வரைக்கும் கூட்டிட்டுப் போ" என்றான். மைனி வேண்டாம் என்றாள், கெஞ்சினாள், கடைசியில் துண்டை எடுத்து வந்து அவன் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள்.

"ஏட்டி, என்ன கோழியவா கட்டுத?"

"வாய மூடிட்டு உக்காருங்க. உங்க தம்பி விழுந்தாத்தான் நீங்க விழணும்."

ஏழு கிலோமீட்டர். இருபதைத் தாண்டாமல் ஓட்டினேன். அண்ணனைப் பின்னால் வைத்து நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, "கியர மாத்து", "இப்ப விடு", "பள்ளம் வருது பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மணப்பாட்டில் குன்றுக்குக் கீழே, கடலைப் பார்த்த மாதிரி நிறுத்தச் சொன்னான்.

"நடு ஸ்டாண்டப் போடு. நான் முன்னால உக்காரணும்."

பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பியது. தூக்கிப் பிடித்து அவனை முன் இருக்கையில் உட்கார வைத்தேன். சாவியைப் போட்டான். நான் உதைத்துக் கிளப்பிக் கொடுத்தேன். வலது காலால் கியரைப் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒரு கியர்கூடத் தவறவில்லை. பின்சக்கரம் காற்றில் சுற்றியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நான் வண்டியை விழாமல் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லு. புளியரையில இருந்து சொல்லு."

சொன்னேன். டீக்கடை, சிமென்ட் லாரிகள், காய்ந்த மூங்கில். முதல் திருப்பத்துக்கு உடம்பை லேசாகச் சாய்த்தான்.

"ரெண்டாவது வளைவுல வைக்கோல் லாரிண்ணே. ரோட்டையே அடைச்சிட்டு நிக்கி."

அவன் ஆக்ஸிலேட்டரைக் குறைத்துக் கிளட்சைப் பிடித்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டிக்குள் அவனுடைய பாதி இடது கால் கீழே அமுங்கியது. மறுபடி அமுங்கியது. அங்கே பிரேக்கை மிதிக்க ஒன்றும் இல்லை. சக்கரம் தானாகச் சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் நின்றது.

 ஒத்திகை பார்த்ததெல்லாம் போய், "அண்ணே, போன சித்திரையிலயே வண்டியக் குடுத்திருக்கணும்ணே. தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகவும் இல்லை, அழுகிற மாதிரியும் இல்லை.

"ஆமாலே," என்றான். "குடுத்திருக்கணும்."

பிறகு இன்ஜினை அணைத்தான். இறக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினான். ஏழு கிலோமீட்டரும் திரும்பி வந்தோம். வாசலில் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஊன்றுகோலால் காட்டினான், நாற்காலிக்கு எதிரே.

நாலு மணிக்கு உடன்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ். அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு சங்கரன்கோவில். மூன்று பஸ்ஸிலும் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மேலநீலிதநல்லூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர், "வருசப்பொறப்பும் அதுவுமா எங்க அண்ணாச்சி போயிட்டு வாரீய?" என்று கேட்டார். அண்ணன் வீட்டுக்கு என்றேன். "நல்லாருக்காகளா?" என்றார். குற்றாலத்து அறையில் நான் யோசித்து வைத்ததெல்லாம் அண்ணன் மன்னித்தால் சொல்ல வேண்டிய பதில்; "ஆமாலே" என்பான் என்று யோசிக்கவே இல்லை. அவரிடம், "இருக்காக" என்றேன்.