கொடிகாமத்துக்கு மறுநாளே

வெள்ளவத்தையில் பாலேஸ்வரியைத் தெரிந்தவர்கள் அவளைக் கெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளாக்காக இருந்தவள், போர் ஓய்ந்து சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு இணையத்தளம் தொடங்கினாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதில் காசு கட்டினால், ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக் வீடு தேடிப் போகும். கேக் செய்பவர் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட். வீட்டின் பின்பக்கத்தில் கேக் சுட ஒரு அவண் வைத்து, நத்தாருக்கும் கலியாணங்களுக்கும் கேக் அடித்துக்கொடுத்தவர். அவர் கட்டிக்கொடுக்கும் பெட்டியை வெள்ளவத்தைக் காலி வீதியில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டால், மறுநாள் அங்கே ஒருவர் இறக்கி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

தொழில் நல்லதுதான். ஆனால் அதே தொழிலைச் செய்ய கொழும்பில் பெரிய பெரிய கம்பனிகள் இருந்தன. யாழ்ப்பாணத்துக்குக் கேக் அனுப்ப என்று கூகிளில் தேடினால், அவர்கள் எல்லோரும் வந்து முடிந்த பிறகுதான் இவளுடைய தளம் எங்கோ ஐந்தாம் பக்கத்தில் தலைகாட்டும். அவ்வளவு தூரம் யார் வரப்போகிறார்கள்?

பாலேஸ்வரி சோர்ந்துபோகவில்லை. பெரியவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், கொழும்பு என்ற பெயர்களுக்குத்தான் அடிபடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தாள். யாழ்ப்பாணத்தைச் சுற்றியிருந்த சின்ன ஊர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொடிகாமம், வரணி, அச்சுவேலி, கரவெட்டி என்று ஊருக்கொரு பக்கம் எழுதினாள். அந்த ஊர்ச் சந்தை, கோயில், சந்தி எல்லாவற்றின் பெயரும் அதில் வரும்படி பார்த்துக்கொண்டாள். வெளிநாடுகளில் இருந்த பழைய மாணவர் சங்கங்களுக்கு எழுதி, அவர்களுடைய தளங்களில் தன்னுடையதற்கு ஒரு இணைப்புக் கேட்டு வாங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தளம் மேலே ஏறியது. ஊர்ப் பெயரோடு தேடியவர்களுக்கு அவள்தான் முதலில் வந்தாள். ஒஸ்வால்ட் இரண்டாவது அவண் வாங்கினார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் சண்டை மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் பஸ் நின்றது, லொறி நின்றது. கேக்கும் நின்றது.

"பாலேஸ், அந்த ஊர்ப் பக்கங்கள எடுத்துடுங்க. அனுப்ப முடியாத எடத்த எதுக்குப் போட்டு வச்சிருக்கணும்?" என்றார் ஒஸ்வால்ட்.

"எடுத்தா முழுத் தளமும் கீழ போயிடும் அண்ணை. அந்தப் பக்கங்களாலதான் கூகிள் எங்கள மதிக்குது. கொழும்பு ஓடரும் மட்டக்களப்பு ஓடரும் அதாலதான் வருது. பாதை திறந்தாப் பிறகு முதல்ல இருந்து ஏறேலுமே?"

"அப்ப யாராவது யாழ்ப்பாணத்துக்குக் காசு கட்டினா?"

"உடன திருப்பி அனுப்புவன். ஒரு சதம் வைச்சிருக்க மாட்டன்."

சொன்னபடியே செய்தாள். பக்கத்தின் அடியில், நாட்டு நிலைமையால் தாமதம் ஏற்படலாம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும் சேர்த்தாள். ஆனால் மேலே இருந்த வாக்கியத்தில் கை வைக்கவில்லை. கொழும்பிலிருந்து தரைவழியாக, கொடிகாமத்துக்கு மறுநாளே. அது மட்டுமல்ல. கனநாள் தொடாமல் விட்ட பக்கம் கீழே சறுக்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தாள். அதனால் திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பக்கத்திலும் புதுப்பித்த திகதியை மாற்றிவந்தாள்.

அடுத்த மாசி மாதம், ஒரு பகல்வேளை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவள் தளத்தை நடத்திவந்த அறைக்கு வந்தார். பெயர் நாகேந்திரம். சுவிஸில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. முதல்நாள்தான் வந்திறங்கி, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நின்றார்.

"கேக் ஓடரோ?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"இல்லை தங்கச்சி. கேக் எப்பிடிப் போகுது எண்டு கேட்டுப்போக வந்தனான்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். தகப்பன் கொடிகாமத்தில் இருதய வருத்தத்தோடு இருக்கிறார். பாதை பூட்டு என்று செய்தியில் சொல்வது அவருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தளத்தில் தரைவழி என்று இருக்கிறது. திகதியைப் பார்த்தால் அந்த வாரம் போட்ட திகதி.

"சாமான் போற வழியால ஆளும் போகலாம்தானே எண்டு நினைச்சன். உங்கட லொறிக்காரரோட கதைச்சு விட்டியளெண்டாக் காணும்."

"அண்ணை, லொறி இல்லை. ஒண்டும் போறேல்லை. அது பழைய பக்கம்."

"பழசோ? திகதி இந்தத் திங்கக்கிழமை எண்டெல்லோ கிடக்கு?"

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்து மற்ற விஷயத்தைச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வரும் கப்பலில் தகப்பனுக்கு ஒரு இடம் கிடைத்திருந்ததாம். கொழும்புக்கு வந்து வைத்தியம் பார்க்கலாம் என்று இருந்தாராம். "நான்தான் மறிச்சனான். இந்த வருத்தத்தோட கடல்ல அலையாதேங்கோ, நான் தரையால வாறன், வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனான். போன கிழமை கப்பல் வெளிக்கிட்டிட்டுது."

அன்று பின்னேரமே பாலேஸ்வரி ஊர்ப் பக்கங்கள் எல்லாவற்றையும் அழித்தாள். அடுத்த நாட்களில் நாகேந்திரத்தோடு யாழ்ப்பாண விமான டிக்கெட் கந்தோர்களுக்கு அலைந்தாள். அனுமதி வேண்டும், காத்திருக்க வேண்டும் என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அவருடைய லீவு முடிந்தது. போகும்போது தகப்பனுக்கு வாங்கிவந்த குளிர்ச்சட்டையை அவளிடம் கொடுத்து, பாதை திறந்தால் அனுப்பிவிடச் சொன்னார்.

அழித்த பக்கங்கள் உடனே மறைந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். கூகிள் விடவில்லை. தான் எடுத்துவைத்திருந்த பழைய பிரதியை வாரக்கணக்கில் காட்டிக்கொண்டே இருந்தது. பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அழைப்புகள் வந்தன. ஒவ்வொருவருக்கும், இல்லை, அங்கே அனுப்ப ஏலாது என்று சொன்னாள். பிறகு பக்கங்கள் மறைந்தன. அவள் பயந்தபடி முழுத் தளமும் கூடவே கீழே போனது. கொழும்பு ஓடர்களும் நின்றன. ஒஸ்வால்ட் இரண்டாவது அவணை ஹெந்தளையில் ஒருவருக்கு விற்றார். அப்பவே சொன்னேனே என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆடி மாதத்தில் நாகேந்திரம் சுவிஸிலிருந்து போன் எடுத்தார். தகப்பன் காலமாகிவிட்டார். இன்னொரு கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அந்தச் சட்டையை யாருக்காவது கொடுத்துவிடும்படி சொல்லத்தான் எடுத்தாராம்.

"அண்ணை, என்னாலதான்..." என்று தொடங்கினாள் பாலேஸ்வரி.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ தங்கச்சி. நீங்கள் தெரிஞ்சுகொண்டு செய்தனீங்களே? திகதி தன்பாட்டில மாறியிருக்கும், பக்கத்தை எடுக்க மறந்துபோனியள் ஆக்கும்."

மறக்கவில்லை, திகதியைத் திங்கள்தோறும் நான்தான் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று அந்த இடத்திலே சொல்லியிருக்கலாம். அவள் "ஓம்" என்றாள். அவர் சுகம் விசாரித்துவிட்டு வைத்தார். அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. இவளிடம் அவருடைய நம்பர் இருந்தது. பலமுறை கையில் எடுத்தாள். பாதை திரும்பவும் திறந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அவள் அந்த நம்பரை அழுத்தவேயில்லை.