ஒரே ஆபீஸில் இரண்டு உலகு

போன செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு என் கம்ப்யூட்டரில் உலகைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. காலி.

தத்துவம் பேச வந்துவிட்டேன் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆபீஸில் நெட்வொர்க் போட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பிழைப்பு பத்திரம் எழுதுவது என்று இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு... தென்காசியில் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் நீளமாக ஒரு அறை. மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர், ஒரே ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டர் இருப்பது என் மனைவியின் மேஜையில். நான் எதை அச்செடுக்க வேண்டுமென்றாலும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவள் கைவேலை முடிந்த பிறகுதான் எனக்கு. சொந்த ஆபீஸில் ஒரு மனிதன் வரிசையில் நிற்கலாமா?

இன்னொரு விஷயம். என் மனைவி பெயர் உலகம்மாள். எங்களிடம் டைப் செய்கிறவர் பெயரும் உலகம்மாள். கோயிலில் அம்மன் பெயர் அதுதான் என்பதால் இந்த ஊரில் தெருவுக்கு நாலு உலகம்மாள் உண்டு. எங்களுக்கு மனைவி பெரிய உலகு, டைப் செய்கிறவர் சின்ன உலகு. பத்து வருஷமாக ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

நெட்வொர்க் போட அன்வர் பாயைக் கூப்பிட்டேன். சவுதியில் பன்னிரண்டு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார், வயர் இழுத்தார், சுவரில் ஒரு சின்ன டப்பாவை மாட்டினார்.

"பிரிண்டரை ஷேர் பண்ணிட்டேன் அண்ணாச்சி. காலையில கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆளுக்கொரு பேரு குடுத்துட்டு எனக்கு போன் போடுங்க. மிச்சத்தைச் சொல்லுதேன். நாளைக்கு நான் குத்தாலத்துல லாட்ஜுக்கு கேமரா மாட்டப் போகணும், சீசன்லா!"

ஷேர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழிலில் ஷேர் என்றால் பங்கு. பங்கு என்றால் பிரிப்பது – அண்ணனுக்கு வடபக்கம், தம்பிக்குத் தென்பக்கம், நடுவில் ஒரு சுவர். அன்வர் பாய் தொழிலில் ஷேர் என்றால் எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொள்வதாம். எது சரி? அன்றைக்கே குழம்ப ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் காலை என் மனைவி அவள் கம்ப்யூட்டருக்கு 'உலகு' என்று பெயர் அடித்தாள். நான் கொஞ்சம் கெத்தாக 'ஓனர்' என்று அடித்தேன். அன்வர் பாய் போனில் சொல்லச் சொல்ல நானும் எதையெதையோ அழுத்தினேன். ஒன்பதரைக்கு என் மேஜையிலிருந்து கொடுத்த தாள் அவள் மேஜையில் அச்சாகி வந்தது! எழுந்தே நின்றுவிட்டேன். இனிமேல் இந்த ஆபீஸுக்குள் பென் டிரைவ் கூடாது என்று அறிவித்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

பத்தரைக்குக் கடையம் பஸ் லேட்டாகி சின்ன உலகு வந்தார். அவரையும் அவருடைய கம்ப்யூட்டருக்குப் பெயர் போடச் சொன்னேன். போட்டார்.

ஒரு மணிக்குச் செய்யது அவருடைய அக்காவோடு வந்தார். துபாயில் வேலை பார்க்கிறவர். அன்று ராத்திரி திருவனந்தபுரத்தில் ஃபிளைட். ஐந்து மணிக்காவது தென்காசியை விட்டாக வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. வாப்பா விட்டுப்போன வீட்டில் இவருக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு பங்கு. தன் பங்கை அக்காவுக்கே விட்டுக்கொடுக்கிறார். இதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். மூன்று மணிக்குப் பதிவு அலுவலகத்தில் டோக்கன்.

அக்கா கைப்பையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நான் கேக்கவே இல்லையே அண்ணாச்சி. அடுத்த தடவை வந்து பண்ணுனா ஆகாதாமா இவனுக்கு?"

"அடுத்த தடவை எனக்கு வேற புத்தி வந்துட்டா?" என்றார் செய்யது. "வாப்பாவையும் உம்மாவையும் கடைசி வரைக்கும் நீதான பாத்த. மனசு நல்லா இருக்கும்போதே எழுதிரணும்."

முப்பது வருஷத் தொழிலில் ஒரு அரை சென்ட்டுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்ட உடன்பிறப்புகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் வந்தால் எனக்கே நெஞ்சு நிறைந்துவிடும். அதனால் சின்ன உலகு முந்தின நாளே டைப் செய்து கொடுத்திருந்த பத்திரத்துக்கு நானே பெருமையாகப் 'பிரிண்ட்' கொடுத்தேன்.

வரவில்லை.

மறுபடி கொடுத்தேன். வரவில்லை. காலையில் வந்ததே! நெட்வொர்க்கில் போய்ப் பார்த்தேன். 'உலகு' என்று ஒன்று இருந்தது. திறந்தேன். பிரிண்டரைக் காணோம். முதல் பாராவில் சொன்ன காலி இதுதான்.

"ஏங்க, பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. ரெண்டு நிமிசத்துல அடிச்சுத் தாரேன்" என்றாள் மனைவி.

"அப்போ வயரு எதுக்கு இழுத்தோம்?"

வீம்புதான். ஒத்துக்கொள்கிறேன். காலையில் அறிவித்ததை மத்தியானமே வாபஸ் வாங்க யாருக்குத்தான் மனசு வரும்?

அன்வர் பாய்க்குப் போன் போட்டேன். அவர் இருந்தது ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜின் மொட்டை மாடி. போனில் முதலில் வந்தது அருவி. பிறகு குளிக்கிறவர்களின் கூச்சல். அதற்கும் பின்னால் எங்கேயோ அன்வர் பாய்.

"...ண்ணாச்சி... பேர மாத்துங்க!"

பேப்பரை மாற்றினேன். வரவில்லை என்றேன்.

"பேர மாத்துங்க அண்ணாச்சி!"

வேறு கட்டைப் பிரித்து வேறு பேப்பர் வைத்தேன். அப்படியும் வரவில்லை. ஒருவேளை ஈரமோ? சாரல் நாளில் பேப்பர் நமுத்துப்போவது உண்டுதானே. பீரோவிலிருந்து புதுக் கட்டை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் என் மேஜைக்கு ஓடிப் பிரிண்ட் கொடுத்துவிட்டு அவள் மேஜைக்கு ஓடிப் பார்ப்பேன். மணி இரண்டேகால். செய்யது வாட்சைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

"பேப்பர் மேல என்னங்க கோவம் உங்களுக்கு?" என்றாள் மனைவி.

அதற்குள் அன்வர் பாய் மாடியை விட்டு இறங்கி, ரோட்டுப் பக்கம் வந்துவிட்டார் போல. ஸ்பீக்கரில் குரல் திடீரென்று கணீரென்று வந்தது.

"பேப்பர் இல்ல அண்ணாச்சி! பேரு! பேரு! அங்கன ஒரே பேருல ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கா?"

சின்ன உலகு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நானும் உலகுன்னுதான் அடிச்சேன். இங்கிலீஷ்ல ஏதோ வந்திச்சி. ஓகே குடுத்துட்டேன் அண்ணாச்சி."

"அதான்! உங்க கம்ப்யூட்டர் பிரிண்டர் இல்லாத உலகுகிட்ட போயி நிக்கி. ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா மிஷினுக்கு எப்படித் தெரியும், எந்த ஆளுன்னு?"

இதைக் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டு மாதிரில்லா இருக்கு! நானும் மைமூன் பீவி, இவன் பொண்டாட்டியும் மைமூன் பீவி. தபால் வந்தா நாங்களே அடிச்சுக்கிடுவோம்."

எல்லோரும் சிரித்தோம். சின்ன உலகு மட்டும் சிரிக்கவில்லை. செய்யதைப் பார்த்துக் கேட்டார்.

"வாட்ஸப்புல ரெண்டு ஆதார் அனுப்பியிருந்தீங்களே... ரெண்டும் அக்காவோடதுதான?"

"இல்லையே. ஒண்ணு என் வொய்ஃபோடது. தெரியாம சேர்ந்து வந்திருக்கும்."

என் மேஜைக்கு ஓடினேன். பத்திரத்தைத் திறந்தேன். முதல் பக்கம், மூன்றாவது வரி. 'அப்துல் காதர் மகள் மைமூன் பீவி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'செய்யது மனைவி மைமூன் பீவி'. ஆதார் எண்ணும் மனைவியுடையது. அந்த அம்மாளோ வீட்டில் இவருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

டோக்கனுக்கு ஆன்லைனில் நான் ஏற்றியது அக்காவின் விவரம். மூன்று மணிக்கு உள்ளே போய், அக்கா விரல் ரேகை வைத்து, அவர்கள் பத்திரத்தையும் ஆதாரையும் ஒத்துப்பார்த்திருந்தால்? திருப்பி அனுப்பியிருப்பார்கள். டோக்கன் போயிருக்கும். செய்யதும் போயிருப்பார். இரண்டு வருஷம் கழித்து வருகிறபோது எந்தப் புத்தியோடு வருவாரோ, யார் கண்டது?

நான் சொத்தின் நான்கெல்லையை மூன்று தடவை படிப்பேன். அளவை நாலு தடவை. பெயர்? பெயர்தானே என்று தாண்டிப்போயிருக்கிறேன். சின்ன உலகின் கண் கலங்கிவிட்டது. அவரைச் சொல்லி என்ன? கையெழுத்துப் போடுகிறவன் நான். அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல நான் வெட்கப்பட்டதில்லை.

திருத்தினோம். அக்காவே பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகப் படித்துச் சரி என்றார். மணி இரண்டு நாற்பது. சின்ன உலகின் கம்ப்யூட்டருக்குப் பெயர் மாற்றி, அது அணைந்து, திரும்ப உயிர் பெற்று... அதற்கெல்லாம் நேரமில்லை. பென் டிரைவை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கிச் செருகினாள். சொன்னபடியே இரண்டு நிமிஷம்.

மூன்றே முக்காலுக்குப் பதிவு முடிந்தது. பதிவு அலுவலக வாசலில் அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "போயிட்டு வாரேன்னு சொல்லு, வேற ஒண்ணும் சொல்லாத" என்றார். செய்யதும் அதையே சொன்னார். நான் சாரலைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபீஸுக்கு வந்தால் அடுத்த பஞ்சாயத்து. இரண்டு உலகில் யார் பெயரை விடுவது?

"நானே விட்டுக் குடுக்கேன் மதினி" என்றார் சின்ன உலகு. "வேற என்ன பேரு வைக்க?"

"என் பேர வைங்களேன்" என்றார், குடை எடுக்கத் திரும்பி வந்த அக்கா.

வைத்தோம். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. அடுத்த நொடி பிரிண்டர் தானாகவே ஓட ஆரம்பித்தது! மத்தியானம் நான் கொடுத்த பதினோரு பிரிண்ட்டும் – அத்தனையும் தப்பான பத்திரம் – ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மனைவி ஒவ்வொன்றாகக் கிழித்துப்போட்டாள். இந்த வீம்பால்தான் அந்தப் பத்திரமே தப்பித்தது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். இன்னும் வேகமாகக் கிழித்தாள்.

ஒன்றரை மணிக்கே அவள் பேச்சைக் கேட்டிருந்தால் பத்திரம் அப்போதே அச்சாகியிருக்கும், தப்போடு. கேட்காததால் தப்பு தெரிந்தது. அப்படியானால் கேட்க வேண்டுமா, கூடாதா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். விளங்கவில்லை.

விளங்கியது ஒன்றுதான். இப்போது முதல் வேலையாகப் பெயரைப் படிக்கிறேன்.

எங்கள் நெட்வொர்க்கில் இன்று ஓனர், உலகு, மைமூன் என்று மூன்று பேர். மைமூன் என்ற பெயரில் வேறு யாரும் இல்லை என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொல்கிறது... அது செய்யது வீட்டுக்குப் போனதில்லை, பாவம்!