எதிர்ப்பாளர் பட்டியலில் ஒரு கோல் கீப்பர்

போன புதன்கிழமை மாலை கவுன்சில் கட்டடத்தில் என்னை நானே எதிர்த்துப் பேசினேன். வென்றும்விட்டேன்.

கதை இதுதான். என் மகள் டிலானிக்குப் பதினாறு வயது. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் உள்ள மைதானத்தில் கேலிக் ஃபுட்பால் என்ற ஐரிஷ் விளையாட்டை விளையாடுகிறாள். எங்கள் சேர்ச்சில் ஐரிஷ்காரரும் தமிழராகிய நாங்களும் பாதிக்குப் பாதி. பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது பிரிஜட் என்ற நர்ஸ் வந்து, "பிள்ளை நல்ல உயரம், எங்கள் டீமுக்குக் கோல் கீப்பராக வருவாளா?" என்று கேட்டார். பெண் பிள்ளைகளின் கோச் அவர்தான். அப்படித் தொடங்கியது.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பிக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. யாருக்கும் சம்பளம் கிடையாது. அயர்லாந்தில் பெரிய ஸ்டார்கள்கூட திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள்தானாம்.

ஆரம்பத்தில் ஏழு பெண் பிள்ளைகள். ஒரு அணிக்குப் பதினைந்து பேர் வேண்டும். இப்போது இரண்டு அணிக்குப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆனால் உடை மாற்ற ஒரே ஒரு அறை... அதுவும் ஆண்களுடையது. பிள்ளைகள் கார்களுக்குள் குனிந்து உடை மாற்றுவார்கள். ஜன்னலுக்கு வெளியே தாய்மார் துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மழை என்றால் துவாயும் நனையும், தாயும் நனைவார்.

தனி அறை இல்லாவிட்டால் அடுத்த சீசனில் பெண்கள் அணிக்கு இடமில்லை என்று லீக் சொல்லிவிட்டது. எனவே புதிய அறைகளும் இரண்டாவது மைதானமும் கேட்டு, கிளப் எங்கள் பகுதிக் கவுன்சிலிடம் விண்ணப்பித்தது. அனுமதி கிடைக்காவிட்டால் டிலானியின் அணி அவ்வளவுதான்.

போன மாதம் கவுன்சில் வெப்சைட்டில் அதிகாரியின் அறிக்கை வந்தது. டிலானி அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிச்சனுக்குள் வந்தாள். கடைசிப் பக்கத்தில் எதிர்ப்பு மனுவின் நகல், கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களோடு அப்படியே இருந்தது.

"அப்பா... வை ஆம் ஐ ஆன் திஸ் லிஸ்ட்?"

அவள் பெயர் மட்டுமா? என் பெயர், மனைவி வசந்தியின் பெயர், லெஸ்டரில் படிக்கிற மகனின் பெயர், இரண்டு வாரம் வந்து தங்கிவிட்டு எப்போதோ பாரிசுக்குத் திரும்பிய மச்சானின் பெயர்... எல்லாம் அச்சொட்டாக என் கையெழுத்தில்.

"வாசிக்கேல்லையோ?" என்று வசந்தி கேட்டார்.

"பக்கத்து வீட்டு வில்சன் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்தைப் போட்டிட்டன்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

கேட்கவில்லைதான். இலங்கையில் போர் நடந்து முடிந்த இந்த வருடம் எங்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சேர்ச் வாசல், கோயில் வாசல், மீன்கடை வாசல் என்று போன இடமெல்லாம் போரை நிறுத்தச் சொல்லி ஒரு மனு. நீட்டியவுடன் கையெழுத்து. எண்ணிக்கை கூட வேண்டுமே என்று வீட்டில் இருக்கிற எல்லோருடைய பெயரையும், இல்லாதவர்களுடைய பெயரையும் எழுதினோம். கை பழகிவிட்டது. வில்சன், அந்த மாதங்களில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஊரில் எல்லோரும் எப்படி?" என்று தினமும் விசாரித்த மனிதர். அவர் ஒரு தாளை நீட்டும்போது மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நிற்பேனா?

டிலானி கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாளே எங்கள் பெயர்களை எடுத்துவிடச் சொல்லி கவுன்சிலுக்கு போன் பண்ணினேன். அறிக்கை அச்சாகிவிட்டதாம். எதிர்ப்பாளர்களில் இரண்டு பேருக்குத் தலா மூன்று நிமிடம் உண்டு, ஒரு இடம் காலி, வேண்டுமென்றால் அதில் வந்து பேசுங்கள் என்றார் கிளார்க். வாழ்க்கையில் நான் இவ்வளவு வேகமாக ஓம் சொன்னதில்லை.

புதன்கிழமை பார்வையாளர் கேலரி முழுக்க கிளப் ஜாக்கெட் போட்ட பிள்ளைகள். முதலில் வில்சன் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வாசலை மறித்து கார் நிறுத்துகிறார்கள், சுகமில்லாத மனைவியை வெளியே கூட்டிப்போக முடிவதில்லை என்றார். நியாயமான பேச்சு. அடுத்தது நான்.

எழுதி வைத்திருந்த பேச்சைச் சட்டைப்பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். "இந்தப் பட்டியலில் ஐந்து பெயரை நான் எழுதினேன். ஒருவரையும் கேட்கவில்லை. அதில் ஒருவர் பாரிசில் இருக்கிறார். மைதானம் எங்கே என்றே அவருக்குத் தெரியாது. இன்னொருவர் அந்த அணியின் கோல் கீப்பர்" என்றேன். சபை சிரித்தது. தலைவரும் சிரித்தார். பிறகு அந்தத் துவாயைப் பற்றிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வாக்கெடுப்பு. உயர்ந்த கைகளை எண்ணத் தொடங்கினேன்... எண்ணத் தேவையே இருக்கவில்லை. எதிர்த்து ஒரே ஒரு கை. மேட்ச் நாட்களில் கார்களை ஒழுங்குபடுத்த கிளப் ஆட்களை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி. கேலரியில் எழுந்த சத்தம் வெம்பிளி வரைக்கும் கேட்டிருக்கும். பிரிஜட் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. இத்தனை மனுப் போட்ட வருடத்தில், ஒரு மண்டபத்தில் நாங்கள் கேட்டதை இருந்து கேட்டு, சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு உடை மாற்றும் அறைதான். இருக்கட்டுமே. வெற்றி வெற்றிதான்.

வாசலில் வில்சன் கை கொடுத்தார். "வாசலைச் சரிசெய்வார்கள் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். அந்தத் தாளை உங்களுக்கு நான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்" என்றார். வசந்தி, "நல்லாய்த்தான் கதைச்சனீங்கள்" என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் இப்படி இரண்டாவது தடவை.

டிலானி ஒரு படிவத்தோடு வந்தாள். கார் ஒழுங்குபடுத்த ஆட்கள் வேண்டுமாம், ஞாயிறு காலை, மழையோ வெயிலோ.

"வாசிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடுங்கோ அப்பா."

கண்ணாடியைப் போட்டு, கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். கீழே பெயர் எழுத ஆறு கோடுகள் இருந்தன. ஒன்றில் மட்டும் எழுதிவிட்டு, பேனாவை வசந்தியிடம் நீட்டினேன்.